இடைவேளை வரை குற்றவாளி

தமிழில் திரில்லர் படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும் அவற்றுக்குக் கதை எழுதுபவர்களுக்கும்,

அண்மையில் ஒரு படம் பார்த்தேன். பெயர் வேண்டாம், குறை அந்த ஒரு படத்தோடு நிற்பதில்லை. ஊரில் பெண்கள் வரிசையாகக் கொல்லப்படுகிறார்கள். இடைவேளை நெருங்கும்போது ஓர் ஆள் சிக்குகிறார். பழைய இரும்புக் கடையில் வேலை, தனிக்கட்டை, பேச்சு திக்கும். நாயகன் அவரை லாக்கப்பில் வைத்து வெளுக்கிறார். பின்னணி இசை ஏறுகிறது, தியேட்டரில் விசில். அந்த ஆள் செத்துப்போகிறார். அடுத்த காட்சியில் இன்னொரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. ஆக, கொலைகாரன் இவர் இல்லை. இடைவேளை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் படம் ஓடுகிறது. செத்துப்போனவரைப் பற்றி ஒரு வசனம் கிடையாது. யாரும் சஸ்பெண்ட் ஆகவில்லை, மாஜிஸ்ட்ரேட் விசாரணை இல்லை, உடலை வாங்க யார் வந்தார்கள் என்றுகூடத் தெரியாது. நாயகன் முகம் கழுவிக்கொண்டு அடுத்த துப்பைத் தேடிப் போகிறார்.

நான் ஒரு மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டில் குற்ற வழக்கு நடத்துபவன். உங்கள் கதையில் இடைவேளையோடு முடிந்துபோகிற அந்த ஆள்தான் எனக்குக் கட்சிக்காரர். அவர் சார்பில்தான் இந்த மடல்.

திரில்லர் பிடிக்காமல் எழுதுகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். ரிலீஸ் அன்றே பார்க்கிற ஆள் நான். அதனால்தான் கோபம். இந்த வகைப் படங்கள் பிறந்தபோது அந்தத் தப்பான ஆள்தான் கதாநாயகன். 1927-இல் ஹிட்ச்காக் எடுத்த மௌனப் படம் 'தி லாட்ஜர்' நினைவிருக்கும். லண்டனில் ஒருவன் பெண்களைக் கொன்றுகொண்டிருக்கிறான். ஒரு வீட்டு மாடிக்குக் குடிவந்த வாடகைக்காரர் மேல் சந்தேகம் விழுகிறது. கைவிலங்கோடு தப்பி ஓடுகிறார். வேலிக் கம்பியில் விலங்கு மாட்டிக்கொள்ள, கீழே இறங்கவும் முடியாமல் மேலே ஏறவும் முடியாமல் தொங்குகிறவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு அடிக்கிறது. உண்மையான கொலைகாரன் வேறிடத்தில் பிடிபட்டுவிட்டான் என்ற செய்தி அப்போதுதான் வருகிறது. அன்றைய பார்வையாளருக்கு நகம் கடிக்க வைத்த பயம் கொலைகாரன் தப்பிவிடுவானோ என்பது இல்லை. தப்பான ஆளைக் கொன்றுவிடுவார்களோ என்பது.

நான்கு வருடம் கழித்து ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 'எம்' எடுத்தார். தொடர் கொலைகாரன் கதைகளுக்கெல்லாம் அதுதான் மூதாதை. அதில் பிடிபடுபவன் நிஜமாகவே குழந்தைகளைக் கொன்றவன், சந்தேகமே இல்லை. ஊரில் உள்ள திருடர்கள் எல்லாம் சேர்ந்து அவனைப் பிடித்துத் தாங்களே ஒரு கோர்ட் நடத்துகிறார்கள், கொல்லத் துடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்திலும் அவனுக்காக வாதாட ஒருவரை நிறுத்துகிறார் லாங். போலீஸ் வந்து அவனை முறையான கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறது. 1931-இல் இந்த அளவுக்குப் பொறுமை இருந்திருக்கிறது.

1956-இல் ஹிட்ச்காக் மறுபடியும் அந்த ஆளிடமே திரும்பினார். 'தி ராங் மேன்' முழுக்க நிஜ வழக்கு, நியூயார்க்கில் ஒரு கிளப்பில் வாத்தியம் வாசித்தவருடையது. கொள்ளைக்காரன் எழுதிய சீட்டை அவரைக் கையால் எழுதச் சொல்கிறது போலீஸ். பதற்றத்தில் ஒரு சொல்லைத் தப்பாக எழுதுகிறார். கொள்ளைக்காரனும் அதே சொல்லைத்தான் அதே மாதிரி தப்பாக எழுதியிருக்கிறான். போயிற்று. சாட்சிகளும் இவர்தான் என்று கை காட்டுகிறார்கள். உண்மையான ஆள் பிடிபட்டு இவர் வெளியே வருவதற்குள் மனைவிக்கு மனம் பேதலித்துவிடுகிறது. துரத்தல் காட்சியே இல்லாத அந்தப் படம் எனக்குக் கொடுத்த நடுக்கத்தை இன்றைய ரத்தக் காட்சி எதுவும் கொடுத்ததில்லை. தொழில் காரணமாகவும் இருக்கலாம்.

நம் ஊருக்கு வருவோம். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954-இல் வந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை என்று எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். நான் வியப்பது அதன் ஃபிளாஷ்பேக்குகளை. உலகப் போர்க் காலத்துச் சென்னையில் ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுட்டுக் கொல்லப்படுகிறார். சி.ஐ.டி. அதிகாரி வீட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராக விசாரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தம்பியைக் கை காட்டுகிறார், தம்பி தன் மனைவியைக் கை காட்டுகிறார், அவள் இன்னொருத்தியை. ஒவ்வொருவர் சொல்வதும் திரையில் காட்சியாக விரிகிறது. ஒவ்வொரு தடவையும் வேறு கை சுடுகிறது, ராஜன் மறுபடி மறுபடி விழுந்து சாகிறார். கண்ணால் பார்த்ததைக்கூட நம்பாதே, இது ஒருவர் சொன்னது மட்டும்தான் என்று எழுபது வருடத்துக்கு முன்பே தமிழ்ப் பார்வையாளருக்குப் பழக்கிவிட்டார்கள். குறுக்கு விசாரணை என்பது வேறென்ன?

பத்து வருடம் கழித்து 'புதிய பறவை'. அதில் சிவாஜி தன் மனைவி இறந்த கதையைச் சொல்வார், நாமும் கூடவே கண் கலங்குவோம். கடைசியில் பார்த்தால் முக்கியமான இடத்தை விழுங்கிவிட்டுச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் ஃபிளாஷ்பேக் பொய் சொல்கிறது. (சுற்றி இருந்த எல்லாரும் போலீஸ் என்று தெரியும்போது தியேட்டர் கைதட்டும். போலீஸ் கறந்த அந்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாதே என்று டி.வி. முன்னால் சொல்லி நான் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

1978-இல் 'சிவப்பு ரோஜாக்கள்', 1980-இல் 'மூடுபனி'. இங்கே கொலை செய்பவன் யார் என்பது ஒளித்து வைக்கப்படவில்லை. ஏன் செய்கிறான் என்பதுதான் கதை. இரண்டும் நல்ல படங்கள்தான். ஆனால் ஃபிளாஷ்பேக்கின் வேலை அங்கே மாறிப்போயிற்று. சிறுவயதில் என்ன நடந்தது என்று காட்டுகிற அந்தக் காட்சியை யாரும் சந்தேகிக்கப் போவதில்லை. ஒருவர் சொன்னதாக இருந்தது, இயக்குநர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சான்றிதழாக ஆனது. இன்று உங்கள் படங்களில் கடைசி இருபது நிமிடத்தில் வருகிற ஃபிளாஷ்பேக் எல்லாம் இந்த வகைதான். அது ஓடி முடிந்தால் குற்றம் நிரூபணமாகிவிட்டது. அப்புறம் எதற்கு சார்ஜ்ஷீட், எதற்கு சாட்சி? சுட வேண்டியதுதான் பாக்கி.

சுடுவதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு முன்மாதிரியும் வந்து சேர்ந்தது. 1971-இல் 'டர்ட்டி ஹாரி'. காயம்பட்டுக் கிடக்கிற சந்தேக நபரின் காலை மிதித்து உண்மையை வரவழைக்கிறார் போலீஸ்காரர். அப்படிக் கிடைத்த சாட்சியம் செல்லாது என்று அரசு வக்கீல் சொல்ல, கொலைகாரன் வெளியே வந்துவிடுகிறான். அந்தப் படத்தில் சட்டம்தான் வில்லனுக்குத் துணை. நம்மிடம் அது ஊறி ஊறி 2003-இல் 'காக்க காக்க' வரும்போது என்கவுன்டர் அதிகாரி காதல் பாட்டுப் பாடும் நாயகனாகிவிட்டார். நானும் அந்தப் படத்தை ரசித்தவன்தான். அதற்குப் பின் வந்த படங்களில் நீதிபதி என்று ஒருவர் எத்தனை நிமிடம் வருகிறார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடித்தால் உண்மை வரும் என்பதுதான் உங்கள் படங்களின் அடித்தளம். இந்த ஊரில் அந்த நம்பிக்கை பொய் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு ரொம்ப நாளாகிறது. 1855-இல் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்து ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்தது. விரலை நசுக்கும் கிட்டி, ஆளைக் கயிற்றால் வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் எல்லாம் அதில் பெயரோடு இருக்கின்றன. வரி வசூலிக்கவும் அதே, வாக்குமூலம் வாங்கவும் அதே. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது. அந்தக் காலத்து வெள்ளைக்கார அரசுக்கே தன் போலீஸ் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதும் அதை எடுக்கவில்லை, 23-ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. உண்மையைக் கக்க வைப்பதாக உங்கள் படங்களில் அடிக்கடி போடுகிற அந்த நார்கோ ஊசிக்கும் இதே கதிதான். ஆளின் சம்மதமில்லாமல் நார்கோ சோதனை செய்யக் கூடாது என்று 2010-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சட்டம் பேசி அறுக்கிறேன் என்று தோன்றினால், என் கட்சிக்காரர் ஒருவர் கதையைச் சொல்கிறேன். லேத் பட்டறையில் வேலை பார்த்த பையன். தெருவில் தனியாக இருந்த பாட்டி ஒருவர் கொலையானார், கழுத்துச் சங்கிலி போய்விட்டது. சந்தேகத்தின் பேரில் பையனைக் கூட்டிப் போனார்கள். இரண்டு நாளில் 'ஒப்புக்கொண்டான்'. முகத்தில் துண்டைப் போட்டு நிற்கவைத்து எடுத்த படம் பேப்பரில் வந்தது. கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம்.

மகஜர்படி (பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் பதிவு அது), பையன் காட்டிய இடத்தில், ஒரு வேப்ப மரத்தடியில் தோண்டி ஒருநாள் காலை ஏழு மணிக்குச் சங்கிலியை எடுத்தார்கள். கோர்ட்டுக்கு வந்த வழக்குக் காகிதங்களில் நகை மதிப்பீட்டாளர் கொடுத்த எடைச் சீட்டும் இருந்தது. அதில் தேதி, தோண்டியதற்கு முந்தின நாள். மண்ணுக்குள் கிடந்த சங்கிலியை ஒருநாள் முன்னதாகவே யாரோ தராசில் வைத்திருக்கிறார்கள். மகஜர் சாட்சி டீக்கடைக்காரர். கூண்டில் ஏறியதும், ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோனபோது கையெழுத்து வாங்கினார்கள், வேப்ப மரத்தை நான் பார்த்ததே இல்லை என்றார். வழக்கு அங்கேயே விழுந்தது. ஒரு சீட்டு, ஒரு தேதி. திரில்லர் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல திருப்பம் வேண்டுமா?

பையன் விடுதலையானான். பட்டறையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. அக்காவுக்குப் பேசிவைத்திருந்த சம்பந்தம் கைதான வாரத்திலேயே முறிந்திருந்தது. தெருவில் "வக்கீல் வச்சுத் தப்பிச்சுட்டான்" என்றார்கள். அவன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான். கை முழுதாக நீட்ட வராது. பாட்டியைக் கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அவரும் ஒருவருக்குத் தாய்தானே, அந்தக் குடும்பத்துக்கும் நியாயம் கிடைக்கவில்லை. தப்பான ஆளைப் பிடித்துவிட்டு வழக்கு முடிந்தது என்று கோப்பை மூடினால், சரியான ஆளைத் தேடுவதும் அன்றோடு நின்றுபோகிறது. இது உங்கள் கதாநாயகனுக்குத் தெரிவதே இல்லை.

தென்கொரியாவில் இது தெரிந்து எடுத்தார்கள். அங்கே நிஜமாக நடந்த தொடர் கொலைகளை வைத்து பாங் ஜூன்-ஹோ எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' 2003-இல் வந்தது. நம் இயக்குநர்கள் பலர் பேட்டிகளில் தவறாமல் சொல்லும் படம்தான். அந்த மழையையும் வயல்வெளியையும் எடுத்துக்கொண்டீர்கள். போலீஸ்காரர்கள் ஒவ்வொரு அப்பாவியாகப் பிடித்து உதைத்து வாக்குமூலம் சொல்லிக்கொடுப்பதுதான் அந்தப் படத்தின் முதுகெலும்பு, அதை விட்டுவிட்டீர்கள். படத்தில் கொலைகாரன் கிடைப்பதில்லை. 2019-இல் டி.என்.ஏ. சோதனையில் நிஜக் கொலைகாரன் யார் என்று தெரிந்தது. வேறொரு கொலைக்காக அவன் பல வருடங்களாகச் சிறையில் இருந்தவன். அந்தத் தொடர் கொலைகளில் ஒன்றைச் செய்ததாக ஏற்கெனவே இன்னொருவரைப் பிடித்துத் தண்டித்திருந்தார்கள். அடித்துத்தான் ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்றார் அவர். ஏறக்குறைய 20 வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவரை, 2020 டிசம்பரில் மறுவிசாரணை நடத்தி நிரபராதி என்றது கோர்ட்.

நம்மிடமும் ஆள் இல்லாமல் இல்லை. மு. சந்திரகுமார் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார், வெற்றிமாறன் அதை 'விசாரணை' ஆக்கினார். 2024-இல் 'வேட்டையன்' ஒரு பெரிய நட்சத்திரத்தை வைத்துக்கொண்டே, தப்பான ஆளைச் சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டது. ஆனால் இவற்றை நீங்கள் 'கருத்துப் படம்' என்று தனியே எடுத்து வைத்துவிட்டீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வந்த திரில்லரில் அதே லாக்கப், அதே பெல்ட்.

"படம்தானே சார்" என்பீர்கள். மாவுக்கட்டுப் போட்ட பையன்களின் படங்கள் வாட்ஸப்பில் சுற்றும்போது, கீழே விழுகிற கமென்ட் எல்லாம் உங்கள் வசனங்கள்தான். பின்னணிக்கு உங்கள் படத்து பி.ஜி.எம். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது போலீஸ்காரர்கள் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்று 2022-இல் அறிக்கை கொடுத்தது. அந்த நால்வர்தான் செய்தார்களா இல்லையா என்று ஒரு கோர்ட் விசாரித்துச் சொல்ல இனி வழியில்லை. பூத்தூவியவர்களுக்கு அந்த நம்பிக்கையை எல்லாம் சினிமாதான் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன், வழக்குகள் வருடக்கணக்கில் இழுப்பதில் எங்கள் பங்கும் இருக்கிறது. ஆனால் கோர்ட் என்றால் தாமதம், துப்பாக்கி என்றால் நியாயம் என்று படத்துக்குப் படம் காட்டிவிட்டு, எங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்று நீங்களும் கை கழுவ முடியாது.

கோர்ட் காட்சி என்றால் ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்பது அடுத்த சமாதானம். 1984-இல் 'விதி' வந்தபோது அதன் கோர்ட் வசனங்களை கேசட்டாகப் போட்டு ஊர் ஊராகக் கேட்டார்கள். டீக்கடையில் ஓடும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில்கூட ஓடும். கேள்வி கேட்பதை ரசிக்கத் தெரிந்த ஜனங்கள்தான் இவர்கள்.

இனி நான் கேட்பது.

உங்கள் கதைக்கு இடைவேளை வரை ஒரு தப்பான ஆள் தேவையென்றால் வைத்துக்கொள்ளுங்கள், அது இந்த வகைப் படத்தின் உரிமை. ஆனால் அவர் அடிபட்டால், செத்தால், இரண்டாம் பாதியில் அதற்குக் கணக்கு வரட்டும். அவர் வீட்டுக்கு நாயகன் ஒரு தடவையாவது போகட்டும். லாக்கப் மரணத்துக்கு எஃப்.ஐ.ஆர். போடப்படட்டும், அந்த விசாரணை நாயகனின் கழுத்துக்கும் வரட்டும். உங்கள் டென்ஷன் அதில் கூடுமே தவிரக் குறையாது.

அடித்து வாக்குமூலம் வாங்கும் காட்சி எழுதினால், ஒரு தடவையாவது அந்த வாக்குமூலம் பொய்யாக இருக்கட்டும். அடி தாங்காமல் அவர்கள் கேட்டதைச் சொன்னான் என்பதுதான் நான் கோர்ட்டில் அதிகம் பார்த்தது. உங்கள் திரையில் மிகக் குறைவாகப் பார்த்ததும் அதுதான்.

திக்கிப் பேசுபவர், தனியாக வசிப்பவர், மனநலச் சிகிச்சை எடுப்பவர், வடக்கிலிருந்து வேலைக்கு வந்தவர் என்று சந்தேகத்துக்கு ஆள் தேடுவதை நிறுத்துங்கள். நிஜத்தில் ஸ்டேஷனுக்கு முதலில் இழுத்துப் போகப்படுவதும் இவர்கள்தான். அந்தப் பட்டியலை நீங்களும் சேர்ந்து எழுத வேண்டாம்.

'உண்மைச் சம்பவம்' என்று போஸ்டரில் போட்டு, விசாரணை முடியாத வழக்குகளைப் படமாக்காதீர்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் உங்கள் டிரெய்லரைப் பார்த்துவிட்டுக் கூண்டேறினால் அவர் பார்த்தது எது, நீங்கள் காட்டியது எது என்று பிரிக்க எந்த வக்கீலாலும் முடியாது.

கதை விவாதத்துக்கு ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரிகளைக் கூப்பிடுகிறீர்கள். எதிர்த்தரப்பில் நிற்கிற ஒரு வக்கீலையும் கூப்பிடுங்கள். கொலை வழக்கில் கைதாகி விடுதலையான ஒருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அவருக்குச் சம்பளமும் கொடுங்கள், ஆலோசகர் என்று டைட்டிலில் பெயர் போட அவர் சம்மதித்தால் போடுங்கள்.

கடைசியாக, அடுத்த திரைக்கதையில் உட்காரும் முன் உங்கள் ஊர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு ஒரு வாரம் வந்து போங்கள். மூடிய அறையில் நடக்கும் சில வழக்குகள் தவிர எல்லாம் திறந்த நீதிமன்றம்தான், பின் பெஞ்சில் யாரும் உட்காரலாம், டிக்கெட் கிடையாது. மகஜர் சாட்சியும் விசாரணை அதிகாரியும் கூண்டேறுகிற நாளாகப் பார்த்து வாருங்கள். பத்தரைக்கு கோர்ட் உட்காரும். செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர்